விமானி பாணி குரோனோகிராஃப்: பயன்படுத்தியவர்களின் ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். விமானிகளுக்கான பாணியில் அமைந்த ஆண்கள் குரோனோகிராஃப் (நிறுத்துக்கடிகார வசதியுள்ள) கைக்கடிகாரம் ஒன்றை அண்ணனுக்குப் பரிசளிக்க விரும்புகிறேன். அவர் இரவுப் பணியில் இருப்பவர் என்பதால், கருப்பு முகப்பும் இருளில் ஒளிரும் பெரிய எண்களும் கட்டாயம் வேண்டும். அதில் எனக்குக் குழப்பமில்லை; முகப்பைச் சுற்றியுள்ள அளவுகோலில் எந்த வகையைத் தேர்வது என்பதில்தான் குழப்பம்.

ஒரு கிலோமீட்டரைக் கடக்க 30 வினாடி ஆனால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்று முள் நேரடியாகக் காட்டும் டாக்கிமீட்டர் அளவுகோல் எளிமையானது. ஆனால் 1950களில் பிரைட்லிங் நிறுவனத்தின் நேவிடைமர் கடிகாரம் பிரபலமாக்கிய சுழலும் கணக்கீட்டு வளையம், பெருக்கல், வகுத்தல், எரிபொருள் செலவு ஆகியவற்றைக் கணக்கிட உதவினாலும், விளிம்பெங்கும் நெருக்கமாக அச்சிடப்பட்ட அதன் சிற்றெண்களால் மணி பார்ப்பதே சிரமமாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். அன்றாடம் அணிபவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

அடுத்தது ஃபிளைபேக் வசதி. வழக்கமான குரோனோகிராஃபில் நிறுத்தி, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மீண்டும் தொடங்க மூன்று முறை பொத்தானை அழுத்த வேண்டியிருக்க, இதில் ஒரே அழுத்தத்தில் முள் திரும்பி மறுபடி ஓடத் தொடங்குகிறது. விமானம் ஓட்டாத ஒருவருக்கு இதற்காகக் கூடுதலாகச் செலவிடுவது தகுமா?

30 மீட்டர் நீர்த்தடுப்பு என்பது தெறிக்கும் நீருக்கு மட்டுமே என்பதை அறிவேன். பொத்தான்கள் உள்ள இவ்வகையில் 100 மீட்டரை வலியுறுத்துவது அவசியமா என்பதையும் தெரிவியுங்கள்.