அந்தோணியார் கோயில் நிலம் யார் பெயரில்? கணக்கு யார் கையில்?

லயத்துப் பேத்தி (திங்கள், இரவு 9.10)

எங்கள் ஊர்க் கோயில் விஷயத்தை இங்கே வைக்கிறேன். ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. படிப்பவர்களும் அப்படியே விட்டுவிடுங்கள்.

மலேசியாவில் எங்கள் ஊர் பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்த காலத்தில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால், ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் பலகையால் கட்டிய அந்தோணியார் கோயில் இருந்தது. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியது, பிறகு வீடமைப்புக்குக் கைமாறியது. நிலத்தை வாங்கிய நிறுவனம் பழைய கோயிலுக்குப் பதிலாகச் சாலையோரம் ஒரு மனையும் கட்டடச் செலவுக்குப் பணமும் தந்தது. புதுக் கோயில் எழுந்துவிட்டது. மண்டபம் பாதியில் நிற்கிறது. மீதிப் பணம் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் சொந்தக் கூட்டுக் கணக்கில் இருக்கிறது. இப்போது மனையின் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) தயாராகிறது. யார் பெயரில் எழுதுவது என்பதில்தான் சண்டை.

நிலத்தை ஆயர் பெயரில் எழுத வேண்டும், பணம் பங்குக் (சாமியார் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரத்தின்) கணக்குக்கு வர வேண்டும் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். குழு முடியாது என்றது. தலைவர் 22 வருஷமாக அதே ஆள். தேர்தல் என்று ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் ஜூன் 13, அந்தோணியார் திருவிழா அன்று கோயில் பூட்டிக் கிடந்தது. கூடாரத்துக்கு அடியில் நின்று செபமாலை சொன்னோம். 81 வயதுப் பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலம் ஆயர் பெயருக்குப் போகட்டும், கணக்கை எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

மூப்பர் மகன் (திங்கள், இரவு 10.25)

தங்கச்சி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். பூட்டைச் சொன்னாய், சரி. அதற்கு முந்தின ஐம்பது வருஷத்தை ஏன் சொல்லவில்லை?

அந்தக் கோயிலைக் கட்டியது ஆயர் இல்லை. சம்பள நாளில் கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி பிடித்து உபதேசியாரிடம் கொடுத்தார். காட்டுப் பலகையைத் தோளில் தூக்கி வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். சாமியார் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். மழை என்றால் அதுவும் இல்லை. மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்தியதும், சாவுக்கு மந்திரித்ததும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொன்னதும் மூப்பரும் உபதேசியாரும்தான். 1976 ஆகஸ்டில் தீபகற்பத்துச் சாமியார்கள் எல்லோரும் ஒரு மாதம் பினாங்கில் கூடிப் பேசினார்கள். அந்த மாதம் முழுக்க ஊர் ஊராக வழிபாடு நடத்தியது யார்? சனங்கள்தான். திருச்சபை அன்றைக்கே எங்களை நம்பியது.

சாமியார் சில வருஷத்தில் மாற்றலாகிப் போவார். நாங்கள் இங்கேயே இருப்போம். பக்கத்துத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும். கோயில் பணம் டவுன் பங்குக்குப் போனது, டவுனில் மண்டபம் வந்தது. தோட்டத்தில் இன்று ஒரு சிலுவைகூட இல்லை. அதே கதி எங்களுக்கும் வரக் கூடாது.

கிராணி வீட்டுப் பையன் (செவ்வாய், காலை 7.50)

வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலப் பத்திரம் பார்க்கிற வேலை எனக்கு. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தை மட்டும் சொல்கிறேன், அண்ணன் கோபப்பட வேண்டாம்.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி பதிவேட்டில் யார் பெயரோ அவருடையதுதான் நிலம். ஐம்பது வருஷம் கும்பிட்டோம், கூட்டினோம், விளக்கேற்றினோம் என்பதெல்லாம் உரிமை ஆகாது. எத்தனை வருஷம் அனுபவித்தாலும் பதிவான உரிமையாளரின் வழக்கை அது தடுக்காது என்று 341ஆம் பிரிவே சொல்கிறது. தோட்டக் கோயில்கள் இத்தனை உடைபட்டதற்கு இதுதான் மூலகாரணம். கும்பிட்டவர்கள் ஒருபுறம், கிராண்டில் கம்பெனி பெயர் மறுபுறம்.

இப்போது முதல்முறையாக நம் கைக்கு ஒரு கிராண்ட் வருகிறது. இதில் எந்தப் பெயர் போடுவது? உங்கள் குழு பதிவு பெற்ற சங்கம் இல்லை, அதனால் குழு பெயரில் எழுத முடியாது. மூன்று பேரின் சொந்தப் பெயரில் சும்மா எழுதினால், அவர்களில் ஒருவர் இறந்ததும் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். கடன்பட்டு நொடித்தால் கடன்காரன் வருவான். பெரியவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மருமகனையும் உங்களுக்குத் தெரியுமா?

ஆயர் பெயர் என்றால் அந்த ஆளின் சொந்தப் பெயர் இல்லை. கத்தோலிக்க ஆயர் பதவியையே ஒரு சட்ட நபராக ஆக்கும் சட்டம் 1957இல் வந்தது. ஆயர் இறந்தாலும் ஓய்வு பெற்றாலும் நிலம் அசையாது, அடுத்து வரும் ஆயரின் பொறுப்பில் தானாக நிற்கும்.

மூப்பர் மகன் (செவ்வாய், பகல் 1.05)

அப்படியானால் சங்கமாகப் பதிந்துகொள்கிறோம். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் எல்லோருக்கும்தானே? பதிந்த சங்கம் தன் பெயரில் நிலம் வைக்கலாம்.

இன்னொன்று. ஆயர் என்றால் எப்போதும் உள்ளூர் ஆயர் என்று நினைக்காதீர்கள். மலாக்காவில் 1710இல் கட்டிய செயின்ட் பீட்டர் கோயில் 1981 வரை சீனக் கரையில் போர்த்துகீசியர் ஆண்ட மக்காவ் ஊரின் ஆயரின் கீழ் போர்த்துகீசிய மிஷனில்தான் இருந்தது. ஒரே ஊரில் இரண்டு ஆளுகை. அதனால் அந்தச் சனங்களின் விசுவாசம் குறைந்துவிட்டதா?

கிராணி வீட்டுப் பையன் (செவ்வாய், பகல் 1.40)

அண்ணே, மக்காவில் இருந்தாலும் அவரும் ஆயர்தான். செயின்ட் பீட்டரை ஒரு குழு வைத்திருக்கவில்லை. சங்கமாகப் பதியலாம், ஆனால் எந்த அமைப்பும் ஆயரின் சம்மதம் இல்லாமல் 'கத்தோலிக்க' என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் எண் 300 சொல்கிறது. சம்மதம் இல்லாத சங்கத்தின் கட்டடத்துக்கு எந்தச் சாமியார் வந்து பூசை வைப்பார்? கிராண்ட் இருக்கும், நற்கருணை இருக்காது.

மாரியம்மன் கோயில் தெரு (செவ்வாய், மாலை 6.30)

நான் கிறிஸ்துவன் இல்லை. ஆனால் அதே தோட்டத்தில் பிறந்தவன், அந்தோணியார் தேருக்கு வடம் பிடித்தவன். அதனால் ஒரு வார்த்தை.

எங்கள் பக்கம் பதிவும் குழுவும் தேர்தலும் உண்டு. அப்புறமும் அடிதடிதான். சுபாங் ஜெயா சீபில்ட் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பாருங்கள். யார் நிர்வாகம் என்று உள்ளுக்குள்ளேயே இரண்டு தரப்பு, வெளியே நிலம் வேறொருவர் பெயரில், நடுவில் இடமாற்றப் பிரச்சினை. வழக்கு வருஷக்கணக்கில் போய், 2018 நவம்பரில் கலவரம், வண்டிகள் எரிந்தன, அங்கே காயம்பட்ட ஒரு தீயணைப்பு வீரர் பிறகு இறந்தே போனார். உங்களுக்குச் சண்டை தீர்க்க மேலே ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு அதுகூட இல்லை. சங்கம் வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பாடகர் குழு அக்கா (செவ்வாய், இரவு 11.15)

ஆண்கள் எல்லோரும் கிராண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்தக் கோயிலில் 31 வருஷம் பாடியவள், பூ வைத்தவள், தரை கழுவியவள். குழுவில் ஒரு பெண்ணாவது இருந்ததுண்டா? திருவிழா அன்னதானத்துக்கு அரிசி ஊறப்போடுவது நாங்கள். அதற்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் மட்டும் "உங்களுக்கு எதற்கு" என்பார்கள். மூப்பர் மகனே, உன் அப்பா அப்படி இல்லை. அவர் நோட்டுப் புத்தகத்தைப் பீடத்துக்குப் பக்கத்து மேசையிலேயே வைத்திருப்பார், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். நீ அவரை இழுத்துப் பேசுவதால் சொல்கிறேன். இன்று இருக்கிற குழு அவர் வழியில் போகவில்லை.

அதே நேரம் சாமியார் சொன்னதும் முழுச் சரியில்லை. பணத்தை அப்படியே பங்குக் கணக்கில் கரைத்துவிட முடியாது. ஞானோபதேசம் எடுப்பவள் என்பதால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். எண் 1267 சொல்கிறது: விசுவாசிகள் ஒரு காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம். அந்தோணியார் கோயிலுக்காக வந்த பணம் அந்தோணியார் கோயிலுக்குத்தான். டவுன் மண்டபத்துக்குக் கூரை போட முடியாது. எண் 1287 படி, சனங்கள் கொடுத்த சொத்துக்கு நிர்வாகி சனங்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும். அது சாமியாருக்கும் பொருந்தும், குழுவுக்கும் பொருந்தும். எண் 537 ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அந்த நிதிக்குழுவில் நம் கோயிலிலிருந்து யார் இருக்கிறார்கள்? ஒருவருமில்லை. அதைக் கேட்காமல் பூட்டைப் போட்டால் நியாயம் நம் பக்கம் எப்படி நிற்கும்?

கிராண்ட் ஆயர் பெயருக்குப் போகட்டும், நான் சம்மதம். ஆனால் அதற்கு முன்னால் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஒரு கடிதம் வர வேண்டும். இந்த மனை இந்த ஊர்க் கோயிலுக்கு, இந்தப் பணம் இந்த மண்டபத்தை முடிப்பதற்கு, தனிக் கணக்கு, கையெழுத்தில் ஒருவர் நம் ஊர்க்காரர். இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

மூப்பர் மகன் (புதன், காலை 6.20)

அக்கா, அப்பாவின் நோட்டை நீங்கள் ஞாபகம் வைத்திருப்பது தெரிந்ததும் தூக்கம் வரவில்லை. அந்த நோட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கடிதம் வந்த பிறகு அடுத்த ஆயர் வேறு முடிவெடுத்தால்? எண் 536 என்ன சொல்கிறது என்று நானும் பார்த்தேன். பங்கில் சனங்களும் சேரும் மேய்ப்புப்பணிக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான். நாங்கள் சொல்வோம், அவர்கள் கேட்டாலும் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் போவார்கள். பலகை சுமந்தவனின் மகனுக்கு வெறும் ஆலோசனைதானா?

பாடகர் குழு அக்கா (புதன், காலை 8.00)

அது எனக்கும் வலிக்கிறது தம்பி. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் கடிதம் இருந்தால் கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கும். இன்று நம்மிடம் அதுவும் இல்லை. உன் மாமா 22 வருஷம் தலைவராக இருந்தபோது எங்களுக்கு ஆலோசனை சொல்லும் உரிமைகூட இல்லையே, அதையும் நினைத்துப் பார்.

லயத்துப் பேத்தி (புதன், இரவு 9.30)

அக்கா சொன்ன கடிதத்துக்கு நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். முதல் பதிவில் பணத்தைப் பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டேன். அது பங்குப் பொதுக்கணக்கில் கலக்கக் கூடாது. அண்ணே, திருவிழா அன்று ஏன் பூட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூப்பர் மகன் (வியாழன், இரவு 8.45)

பங்கிலிருந்து ஆள் வந்து பூட்டை மாற்றப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மாமா நம்பிவிட்டார். நானும் நம்பினேன். அப்படி யாரும் வரவில்லை. திருவிழா அன்று பூட்டியது எங்கள் தப்பு. பாட்டியிடம் நேரில் வந்து சொல்கிறேன்.

இன்று மாமாவிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். சாவி இப்போது என் அம்மாவிடம். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குக் கோயில் திறக்கும். வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் அப்பாவின் நோட்டையும் ஞாயிறு கொண்டு வருகிறோம். கடிதம் வராமல் நிலப் பாரத்தில் (படிவத்தில்) மாமா கையெழுத்துப் போட மாட்டார், அதில் நானும் அவர் பக்கம்தான். இன்னொன்றும் சொல்கிறார். கணக்கு வாசிக்கும்போது சாமியார் அங்கே இருக்கக் கூடாதாம்.

லயத்துப் பேத்தி (வியாழன், இரவு 9.05)

கையெழுத்து விஷயம் சரி. சாமியார் இருக்கக் கூடாது என்பதை ஒத்துக்கொள்ள முடியாது அண்ணே. அவர் இல்லாத இடத்தில் வாசித்தால் அடுத்த வாரமே அவர் வேறு கணக்குக் கேட்பார், இன்னொரு சுற்றுச் சண்டை. சாமியாரும் இருக்கட்டும், மாமாவும் இருக்கட்டும், நோட்டை அக்கா வாசிக்கட்டும்.

கிராணி சம்பளத்தில் பிடித்ததற்குக் கொடுத்த சீட்டு நான்கு பாட்டியின் தகரப் பெட்டியில் இருக்கிறது. வேறு வீடுகளிலும் இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். டவுனில் தமிழ்ப் பூசை முடிந்து ஒன்பதேகாலுக்குப் பாட்டியோடு கோயிலுக்கு வந்துவிடுவேன்.