புதுப்பிப்பு: பார்க்கிலேயே சிக்கிய கியர் சரியாகிவிட்டது

ஆட்டோமேட்டிக் கார் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பிரேக்கை மிதித்தாலும் கியர் லீவர் பார்க் (P, வண்டியை நிறுத்திவைக்கும் நிலை) விட்டு நகரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அப்புறம், பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா பாருங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கை கொடுத்தது. ஆளை நிறுத்திப் பார்த்தால் மூன்று விளக்கும் எரியவில்லை, மூன்று பல்பும் ஒரே நேரத்தில் போயிருக்காது, ஆகப் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் விளக்கு சுவிட்ச்தான் செத்திருந்தது. அதிலிருந்து சிக்னல் வராவிட்டால் லீவர் பூட்டு திறக்காது.

புது சுவிட்ச் வரும்வரை ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி, லீவர் பக்கத்திலுள்ள சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பூட்டை விடுவித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். வண்டியை ஓரமாகத் தள்ளிவைக்கத்தான். பிரேக் விளக்கு இல்லாமல் ரோட்டில் ஓட்டாதீர்கள்.

மாற்றுவது சுலபம், தலைகீழாகக் குனிந்து கிடப்பதுதான் கொடுமை. முதல் தடவை சரியாகப் பொருத்தாததால் பெடலை விட்ட பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சற்றுத் திருகியதும் சரி.

எதிர்பாராதது: மாதக்கணக்கில் வேலை செய்யாத க்ரூஸ் கன்ட்ரோலும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) உயிர்பெற்றுவிட்டது. அதற்கும் இதே சுவிட்ச்தானாம்!