மாலையைக் கழற்றியதும் மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடுகிறேன்: வழி சொல்லுங்கள்

கேள்வி – பனியன்நகர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 20 ஆண்டுகளாகப் புகைக்கிறேன். நாளொன்றுக்கு 12 சிகரெட்டுக்குக் குறையாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை முதல் தேதி சபரிமலை யாத்திரைக்காகக் குருசாமியின் கையால் துளசிமாலை அணிந்த நேரத்திலிருந்து, மகரஜோதி பார்த்து ஊர் திரும்பும் வரை, ஏறக்குறைய 60 நாட்கள், ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. முதல் மூன்று நாட்கள் தலைவலியும் எரிச்சலும் படுத்தும். விடியற்காலைக் குளிர்ந்த நீரில் குளிப்பதும், இரு வேளை பூஜையும், மாலையில் பஜனைக்குப் போவதுமாக அது எப்படியோ கடந்துவிடும்.

இந்தத் தை மாதம் அம்மா மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்துக்குச் சாத்தினார். அன்று மாலை வழக்கமான டீக்கடையில் நின்றேன். இரண்டு மாதமாக என்னைச் "சாமி" என்று அழைத்து, தனியாகக் கழுவி வைத்த டம்ளரில் டீ கொடுத்து வந்த கடைக்காரர், என் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் "வாங்ணா" என்றார். நான் கேட்காமலேயே டீயோடு ஒரு சிகரெட்டையும் எடுத்து வைத்தார். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாளே பழைய கணக்குக்கு வந்துவிட்டேன். இது ஏழாவது ஆண்டு.

60 நாள் விட முடிந்தவனால் 61-ஆம் நாள் ஏன் முடியவில்லை? என் பக்தியும் மாலையோடு கழன்றுவிடுகிறதா? இந்தக் கேள்வி என்னை மிகவும் வாட்டுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – பெருவழிப்பாதை

சாமி சரணம். உங்கள் பக்தியை நீங்களே சந்தேகிக்க வேண்டாம். 24 ஆண்டுகளாக மலைக்குப் போகிறேன். அவற்றில் முதல் ஒன்பது ஆண்டுகள் உங்களைப் போலத்தான் இருந்தேன். விரதம் என்பது முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. ஆகவே சிகரெட்டை விட்டுவிட்டதாக மனம் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை. தள்ளிப்போட்டிருப்பதாகவே கணக்கு வைத்துக்கொண்டு, நாளை எண்ணிக் காத்திருக்கிறது.

டீக்கடைக்காரர் உங்களை அழைத்த விதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். சன்னிதானத்தின் முகப்பில் "தத்வமசி" என்று எழுதியிருப்பதைப் பதினெட்டாம் படி ஏறும் எல்லோரும் பார்த்திருப்போம். "அது நீயே" என்பது அதன் பொருள். மாலை போட்டவரைச் சாமி என்று அழைப்பது அந்தப் பொருளில்தான். அந்த மகாவாக்கியத்தில் மாலை இருக்கும் வரை என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

என் குருசாமி எனக்குச் சொன்ன வழியை உங்களுக்கும் சொல்கிறேன். மண்டல, மகரவிளக்குக் காலம் போக, ஒவ்வொரு மலையாள மாதமும் முதல் ஐந்து நாட்கள் சபரிமலை நடை திறந்திருக்கும். மாலையைக் கழற்றும்போதே, "அடுத்த மாதம் நடை திறக்கும் வரை தொட மாட்டேன்" என்று மட்டும் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். நடை திறக்கும் நாளில் வீட்டில் விளக்கேற்றி அதைப் புதுப்பியுங்கள். ஆயுள் முழுவதற்கும் சத்தியம் செய்யாதீர்கள். தவறினால் சாமி தண்டிப்பார் என்ற பயத்தில் எடுக்கும் உறுதி, தவறிய அன்றே நம்மைச் சாமியிடமிருந்து ஒளிய வைத்துவிடும். நான் ஓர் ஆடி மாதம் துக்க வீட்டில் தவறினேன். குருசாமியின் முன்னால் தலைகுனிந்து நின்றபோது அவர் திட்டவில்லை; "அடுத்த நடை திறப்பு என்றைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பதில் 2 – நலம்நாடி

நான் புகையிலை நிறுத்த ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்கள் முதல் மூன்று நாள் தலைவலிக்கும் எரிச்சலுக்கும் காரணம், உடலில் நிகோடின் குறைவதுதான். அந்தத் தொல்லைகள் பெரும்பாலும் முதல் சில நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். ஆகவே மாலையைக் கழற்றும் நாளில் உங்கள் உடல் சிகரெட்டை எதிர்பார்த்து நிற்கவில்லை. மிகக் கடினமான பகுதியை நீங்கள் ஏழு முறை கடந்திருக்கிறீர்கள். மிஞ்சியிருப்பது இடமும் நேரமும் ஆட்களும் கிளப்பிவிடும் நினைவு: அந்த டீயின் மணம், ஷிப்ட் முடியும் நேரம், தீப்பெட்டி உரசும் சத்தம். இந்தத் தூண்டுதல் வந்தால் பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். பஜனையும் குளியலும் இருந்த இடம் திடீரென்று காலியாகிவிடுவதால்தான் அந்தச் சில நிமிடங்களில் நிற்க முடியாமல் போகிறது. எனவே கழற்றிய பிறகும் ஒரு மாதமாவது அதிகாலைக் குளியலையும் மாலை வழிபாட்டையும் அதே நேரத்தில் தொடருங்கள். அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள்.

மருத்துவ உதவி நாடுவது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் இருக்கின்றன. இதய நோய் இருப்பவர்கள் இவற்றை மருத்துவரைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா உதவி எண்ணை 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். புகையை நிறுத்தி ஓராண்டு கடந்தால், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 3 – காயல்கரை

சகோதரருக்கு, நான் முஸ்லிம். உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. ரமலானில் சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய உணவு முதல், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகை நேரம் வரை 13 மணி நேரத்துக்கு மேல் புகையில்லாமல் இருப்பேன். பேரீச்சம்பழமும் தண்ணீரும் உள்ளே இறங்கியதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஒரு நாள் நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன். பள்ளிவாசல் சுவரோரம் நின்று புகைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத் சொல்லும் சத்தம் கேட்டது. நாள் முழுவதும் அல்லாஹ்வுக்காகப் பொறுத்தவன் தொழுகையின் முதல் ரக்அத்தை ஒரு சிகரெட்டுக்காக இழக்கிறேனே என்று நெஞ்சு கனத்தது. மறுநாள் முதல், தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை முடியும் வரை புகைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பத்து நாளில் அந்த இரவுச் சிகரெட்டும் நின்றது.

பெருநாளன்று நண்பர்கள் நீட்டுவார்கள் என்று தெரிந்திருந்ததால், தொழுகை முடிந்ததும் அவர்களைச் சந்திக்காமல் உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு நாளைக் கடந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. மாலையைக் கழற்றும் நாள் உங்களுக்கு அப்படிப்பட்ட நாள் என்று நினைக்கிறேன்.

பனியன்நகர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. அடுத்த கார்த்திகை வரை காத்திருக்கப் போவதில்லை. மாசி மாத நடை திறக்க இன்னும் 11 நாட்கள் இருக்கின்றன. அதுவரை தொடுவதில்லை என்று இன்று காலை விளக்கேற்றிச் சங்கல்பம் செய்துகொண்டேன். அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். கடைப்பக்கம் போக வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒருமுறை போய், இனி எனக்குச் சிகரெட் எடுத்து வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு, விரதக் காலத்தில் எனக்கென்று வைத்திருந்த டம்ளரை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கழுவினார்.