கடை வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்து, வக்கீலிடம் காட்டியே ஆகவேண்டுமா? அவசரம்

புதுக்கடை: இடம் கிடைத்துவிட்டது, ஒப்பந்தமும் வந்துவிட்டது. படித்தேன், வழக்கமானதாகத்தான் தெரிகிறது. ஒரு வரி மட்டும் உறுத்துகிறது: "இடத்தை நல்ல பழுதுபார்த்த நிலையில் வைத்திருந்து ஒப்படைக்க வேண்டும்." இதற்காகத் தனியாக வக்கீல் வேண்டுமா? உரிமையாளரின் வக்கீலே சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்கிறார், அவரிடமே கேட்டுவிடலாமா?

சாவிக்கொத்து: எத்தனை ஆண்டு? லாக்-இன், அதாவது இடையில் விட்டு வெளியேற முடியாத காலம், உண்டா? என்ன தொழில்? எந்த நாடு? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது.

கணக்குப்பிள்ளை: எனக்குத் தெரிந்து ஆளைக் கவிழ்ப்பது வாடகை உயர்வுதான். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று இருந்தால், எதன் மேல் 10 என்று பாருங்கள். முதல் வாடகையின் மேல் என்றால் 5ஆம் ஆண்டில் 40 சதவீதம் கூடும், முந்தைய ஆண்டு வாடகையின் மேல் என்றால் 46க்கு மேல் போகும். பராமரிப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா?

ஆலமரம் (மூத்த உறுப்பினர்): இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். உரிமையாளரின் வக்கீல் உரிமையாளருக்காக வேலை செய்பவர், உங்கள் நலனைப் பார்ப்பது அவர் கடமை அல்ல. அந்தப் பழுதுபார்ப்பு வரியும் சாதாரணம் இல்லை. கூரை இப்போதே ஒழுகினாலும் அதைச் சரிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். இன்றைய நிலையைப் படமெடுத்து இணைப்பாகச் சேர்த்து, இதைவிட நல்ல நிலையில் தரவேண்டியதில்லை என்று எழுதி வாங்குங்கள்.

பழையபட்டறை: வெளியேறும் வழிதான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். நான் லாக்-இன் 3 ஆண்டு என்பதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 14ஆவது மாதம் தொழில் படுத்துவிட்டது, மூடிக்கிடந்த கடைக்கு மீதி 22 மாத வாடகையையும் கட்டினேன். வக்கீலுக்கு ஆகும் செலவு அதன் பக்கத்திலேயே வராது.

புதுக்கடை: மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். அச்சு வேலை, 2 இயந்திரம். பேசியது 3 ஆண்டு, தாளில் 5 என்று இருக்கிறது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார் உரிமையாளர். கம்பெனி பெயரில்தான் எடுக்கிறேன், ஆனால் கடைசிப் பக்கத்தில் நான் தனியாகவும் ஒரு கையெழுத்துப் போடவேண்டுமாம். பயன்பாடு "அலுவலகம் மட்டும்". தலைப்பில் "உரிம ஒப்பந்தம்" என்று இருக்கிறது.

சாவிக்கொத்து: ஐயோ, இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! அந்தத் தனிக் கையெழுத்து ஜாமீன். கம்பெனியால் கட்ட முடியாமல் போனால் உங்கள் சொந்தச் சொத்துக்கு வருவார்கள். "அலுவலகம் மட்டும்" என்ற இடத்தில் அச்சு இயந்திரம் ஓடினால் அதையே காரணம் காட்டி வெளியேற்றலாம். உரிமம், அதாவது குத்தகை இல்லை, இடத்தைப் பயன்படுத்த வெறும் அனுமதி என்று போட்டிருப்பது மட்டும் நல்லது, சுலபமாக வெளியே வந்துவிடலாம்.

ஆலமரம் (மூத்த உறுப்பினர்): தவறு. தலைப்பு எதையும் தீர்மானிப்பதில்லை. 1985இல் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட் வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது இதுதான்: குறிப்பிட்ட காலத்துக்கு, வாடகைக்கு, தனி சுவாதீனம் (மற்றவரை உள்ளே விடாமல் இடத்தை வைத்திருக்கும் உரிமை) கொடுத்தால் அது குத்தகை, தாளில் உரிமம் என்று எழுதியிருந்தாலும் சரி.

சாவிக்கொத்து: அது குடியிருப்பு வழக்கு ஐயா, கடை அல்ல.

ஆலமரம் (மூத்த உறுப்பினர்): கோட்பாடு இரண்டுக்கும் ஒன்றே. தெரியாமல் வாதாட வேண்டாம்.

சாவிக்கொத்து: எல்லா நாட்டிலும் அந்தத் தீர்ப்பு செல்லாதே! அதற்காகத்தான் முதலிலேயே நாட்டைக் கேட்டேன்.

பழையபட்டறை: இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள், அவருக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து. தம்பி, இடம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வங்கியின் சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விட்டிருந்தால், உரிமையாளர் கடனைக் கட்டத் தவறும்போது உங்களை அங்கே நிற்க விடமாட்டார்கள். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதை நம்பாதீர்கள், தாளில் இருப்பதுதான் பேசும்.

புதுக்கடை: வேறு வக்கீலைப் பார்த்தேன். தாளில் இருந்த 5 ஆண்டு 3 ஆக மாறிவிட்டது, ஜாமீன் கையெழுத்தை எடுத்துவிட்டார்கள். "அலுவலகம் மட்டும்" என்ற வரியை மாற்ற உரிமையாளர் இழுக்கிறார், அதுவரை கையெழுத்து இல்லை. எல்லோருக்கும் நன்றி.

சாவிக்கொத்து: நல்லது. எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லை, ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது. வக்கீலிடம் அதையும் கேட்டீர்களா?