கரண்டியை வீசுற அளவுக்குக் கோபம்: அக்குபங்சர் போய் வந்தவங்க இருக்கீங்களா?

திருச்சி, வயது 47

போன ஆடியிலிருந்து பீரியட்ஸ் கணக்கு தப்பிடுச்சு. 20 நாள்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு மாசம் எட்டியே பார்க்காது. அதைக்கூடச் சமாளிச்சுடலாம், கோபம்தான் தாங்கல. பையன் ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டான்னு தோசைக்கரண்டியை வீசிட்டேன். நல்லவேளை, சுவத்துல பட்டுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு, தெறிச்ச மாவைத் துடைச்சுக்கிட்டே அழுதேன். ராத்திரி ரெண்டரைக்கு உடம்பெல்லாம் அனலடிச்சு முழிப்பு வந்தா, அப்புறம் விடியற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணும்.

தொடர்ந்து 12 மாசம் வராம இருந்தாத்தான் மெனோபாஸ், இது அதுக்கு முந்தின காலம், ஹார்மோன் ஏறி இறங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஹார்மோன் மாத்திரைக்கு எனக்கு மனசு வரல. ஆபீஸ் அக்கா ஒருத்தங்க சொல்லித்தான் அக்குபங்சர் ஊசி வைக்கிற இடத்துக்குப் போனேன்.

நாடி பார்த்தாங்க, நாக்கை நீட்டச் சொன்னாங்க. கணுக்காலுக்கு உள்பக்கம் நாலு விரக்கடை மேல, மணிக்கட்டு மடிப்புல, கால் பெருவிரல் இடுக்குல, புருவ நடுவுலன்னு ஊசி வெச்சாங்க. முடி மாதிரி மெல்லிசு. புதுக் கவரை என் முன்னாடியே பிரிச்சாங்க. கணுக்கால்ல மட்டும் மதமதன்னு கனத்துச்சு. அரை மணி நேரம் அசையக்கூடாது. அப்போ பார்த்து மூக்கு மேல ஒரு கொசு. ரெண்டு கையிலயும் ஊசி, எப்படி விரட்டுறது? உதட்டைக் கோணி ஊதி ஊதிப் பார்த்துட்டு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிச்சே எத்தனை நாளாச்சு!

வாரம் ஒண்ணா ஏழு முறை ஆச்சு. கோபம் வருது, ஆனா கை கரண்டிக்குப் போறதில்ல. காலைல நாலரை வரைக்கும் தூங்கறேன். ஒரு சந்தேகம்தான். அந்த அரை மணி நேரம் "அம்மா"ன்னு ஒருத்தரும் கூப்பிடறதில்ல. வேலை செஞ்சது ஊசியா, அதுவா?

ஈரோடு, வயது 50

உங்களுக்கு நல்லவங்க கிடைச்சிருக்காங்க. நான் போனது தொடு சிகிச்சைங்க. ஊசியே கிடையாது, ஒரே புள்ளியில விரலை வெப்பாங்க. அது பாட்டுக்கு அது இருக்கட்டும்னு விட்டிருப்பேன். "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க"ன்னாரு. ஆறு வருசமாப் போட்டுட்டு இருந்த தைராய்டு மாத்திரையை நிறுத்திப்போட்டேன். ரெண்டே மாசத்துல முகம் ஊதி, முடி கொத்துக் கொத்தாக் கொட்டி, கிணத்துக்குள்ள கிடக்கற மாதிரி ஆயிடுச்சு மனசு. அவருகிட்டச் சொன்னா "கழிவு வெளியேறுது"ங்கறாரு. டெஸ்ட் எடுத்தா, தைராய்டு குறைஞ்சா ஏறற டி.எஸ்.ஹெச். எக்கச்சக்கமா ஏறி 38. இன்னும் நினைச்சா வயிறு எரியுதுங்க. தைராய்டு குறைஞ்சாலும் மனசு இப்படித்தான் படுத்தும், பீரியட்ஸும் தப்பும். எல்லாத்தையும் வயசு மேல போட்டுடாதீங்க.

சென்னை, செவிலியர், வயது 52

திருச்சி தோழி, உங்கள் சந்தேகத்தை ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 327 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நிஜ ஊசி வைத்தார்கள், மற்ற பிரிவுக்குத் தோலுக்குள் இறங்காத மழுங்கல் ஊசி. எட்டு வாரத்தில் பத்து முறை. இரு பிரிவிலுமே அனலடிப்பது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது! அமெரிக்காவில் 209 பேரிடம் நடத்தி அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வில், ஆறு மாதத்தில் ஊசி வைத்துக்கொண்டவர்களுக்கு 36.7 சதவீதம் குறைந்தது, வைக்காதவர்களுக்குக் குறையவே இல்லை. ஆக, போய்ப் படுத்தவர்களுக்குக் குறைகிறது, ஊசியால்தானா என்று அடித்துச் சொல்ல முடியாது. இது அனலின் கணக்கு, மனசின் கணக்கு அல்ல. ஆனால் ராத்திரி வேர்க்காமல் தூங்கினால் மறுநாள் கோபத்தில் பாதி கிளம்பாது, அதை நான் என் உடம்பிலேயே பார்த்தேன்.

கடலூர், வயது 45

எனக்கு அஞ்சு முறை வெச்சும் ஒண்ணும் ஆகல. கோபம் இல்ல எனக்கு, எதுக்கு எழுந்திரிக்கணும்னு தோணும். ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறமும் இப்படித்தான் கிடந்தேன். மனநல டாக்டர் அதைத்தான் முதல்ல கேட்டார். மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு, இப்போ கோலம் போடறேன்.

திருச்சி, வயது 47

ஈரோடு அக்கா, நாளைக்கே தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துடறேன். வியாழக்கிழமை எட்டாவது முறை. இந்தத் தடவை கொசுவத்தி எடுத்துட்டுத்தான் போவேன்.