ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்துவிட்டால் போதுமா?

நுண்ணோக்கி:
பொதுப்பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்கப் பொதுமக்கள் மறுபடியும் காசு கட்ட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுரை எழுதியவருக்கு இதழ் பணம் தருவதில்லை. கட்டுரையை வெளியிடும் முன் சரிபார்க்கும் அதே துறை ஆய்வாளர்களான மதிப்பாய்வாளர்களும் பெரும்பாலும் சும்மாதான் செய்கிறார்கள். அப்புறம் அதே கட்டுரையைப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டி வாங்குகிறது. இயற்பியலாளர்கள் 1991-லேயே ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்தில் முன்பதிப்புகளை, அதாவது இதழில் வருவதற்கு முந்தைய வடிவங்களை, இலவசமாகப் போடத் தொடங்கிவிட்டார்கள். 2002-ல் திறந்த அணுக்கத்துக்கான, அதாவது யாரும் இலவசமாகப் படிக்க வழிவிடுவதற்கான, புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. காசு கட்டினால்தான் படிக்கலாம் என்ற கட்டணச் சுவர் இன்னும் எதற்கு?

பதிப்பறை:
நுண்ணோக்கி, சுவரை இடித்தால் செலவு காணாமல் போகாது, இன்னொருவர் தலையில் விழும். 2021-ல் நேச்சர் அறிவியல் இதழ் திறந்த அணுக்கத்துக்கு எழுதுபவர் தரப்பில் வைத்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நேற்றுவரை படிக்க வழியில்லாத ஆய்வாளருக்கு நாளை எழுத வழியிருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எழுதுபவரிடம் காசு வாங்கும் இதழுக்கு, நிராகரிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் நஷ்டம். திறந்த அணுக்க இதழ்களை நடத்திய ஹிந்தாவி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வைலி பதிப்பகம் அதை ஏறக்குறைய 30 கோடி டாலருக்கு வாங்கியது. சிறப்பிதழ்கள் பெருகின, காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கும்பல்கள் அவற்றுக்குள் புகுந்தன. 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அத்தனையும் எல்லோரும் படிக்கக் கிடைத்தவைதான்.

நுண்ணோக்கி:
அது கட்டண முறையின் கோளாறு. பிரேசிலில் 1998-ல் தொடங்கிய சையெலோ (SciELO) என்ற இணைய இதழ்த் தொகுப்பைப் பாருங்கள். பொது நிதியில் நடக்கிறது, வாசகர் காசு தர வேண்டியதில்லை, அதிலுள்ள பல இதழ்கள் எழுதுபவரிடமும் வாங்குவதில்லை. சந்தா இதழ்கள் மட்டும் என்ன சுத்தம்? தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற லான்செட் மருத்துவ இதழுக்கு 12 ஆண்டுகள் ஆயின.

தரவுக்காரி:
இருவரும் கட்டுரை யார் கைக்குக் கிடைக்கிறது என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைச் சரிபார்க்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம். 2020 மே மாதம், கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பது பற்றி லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், ஏறக்குறைய 96,000 நோயாளிகள் என்றது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க முடிந்தது. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் மருந்துச் சோதனையில் இந்த மருந்துக்கான பகுதியை நிறுத்தி வைத்தது. தரவு வைத்திருந்த நிறுவனம் அதைத் தணிக்கைக்குத் தர மறுத்ததும், இரண்டே வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-ல் எழுதிய கட்டுரையும் அப்படித்தான். அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். அரசு செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தக் கணக்கை மறுபடி போட முயன்றபோது விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுத்த இடத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. அதோடு வேறு சில தேர்வுகளையும் சரிசெய்து பார்த்தால் 2.2 சதவீதம் வந்தது. ஹெர்ண்டனும் மற்ற இருவரும் இதை வெளியிட்டது 2013-ல். கோப்பு முதல் நாளே கட்டுரையோடு இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகள் வீணாகியிருக்குமா?

பதிப்பறை:
எக்செல் கோப்பு சரி. நோயாளிகளின் தரவு? பெயரை எடுத்துவிட்டாலும் வயது, ஊர், ஒரு அரிய நோய், இந்த மூன்றும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். பல ஆண்டுகள் அலைந்து தரவு சேர்த்த ஆய்வாளர் தன் இரண்டாவது கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் வேறொருவர் அதை வைத்து எழுதிவிட்டால், அவருக்கு என்ன நியாயம்?

தரவுக்காரி:
நோயாளிகளின் தரவைத் தெருவில் கொட்டச் சொல்லவில்லை. பிரிட்டனின் மருத்துவத் தரவுத் தொகுப்பான யுகே பயோபேங்க், ஐந்து லட்சம் பேரின் தரவை விண்ணப்பித்து அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்குத் தருகிறது. சேர்த்தவருக்குக் குறிப்பிட்ட காலம் முன்னுரிமை கொடுக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. கணக்கிட்ட கணினி நிரலையாவது முதல் நாளே தர வேண்டும், அதில் யாருடைய நோயும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது "கேட்டால் தரவு தரப்படும்" என்ற அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான். அப்படி எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. தரவைக் கொடுத்தவர்கள் 122 பேர்.

நுண்ணோக்கி:
அந்த வரி இருக்கும் கட்டுரையை இதழ்கள் வாங்கவே கூடாது.

பதிப்பறை:
நிரல் விஷயத்தில் நான் தரவுக்காரி பக்கம். ஆனால் ஓர் இதழுக்கு வரும் கட்டுரைகளின் நிரல் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்ப்பது மதிப்பாய்வாளர் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலையல்ல. சம்பளத்துக்கு ஆள் வேண்டும். எழுதுபவரிடமும் வாங்காதே, வாசகரிடமும் வாங்காதே என்று நுண்ணோக்கி சொல்கிறார். அப்படியானால் அந்தச் சம்பளத்தையும் ஆய்வு நிதி தரும் அமைப்புகளே தனியாக ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விதியை மட்டும் போட்டால், அதற்கும் ஒரு வரியை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.