சாலிம் அலியை விமர்சிக்கவே கூடாதா?

கொக்குமுனி:
பறவையியலாளர் சாலிம் அலியின் பிறந்தநாளான நவம்பர் 12 வந்தால் எல்லோரும் அவர் படத்தைப் போட்டு "பறவை மனிதர்" என்று நாலு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். வேட்டையை ரசித்துச் செய்தவர் அவர். மாதிரி சேகரிப்புக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டவர். அதையும் சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தேன்சிட்டு:
குறையாது. தன் வரலாற்றில் அவரே மறைக்கவில்லையே! 1933இல் திருவிதாங்கூர்-கொச்சி பறவைக் கணக்கெடுப்பு நடந்த காலத்தில் உருவம் ஒத்த இரண்டு கதிர்க்குருவிகளைப் பிரித்தறிய, சுட்டுப் பாடம் செய்த பறவையின் தோல் கையில் இருந்தால்தான் முடியும். இன்று டெலிலென்ஸை வைத்துக்கொண்டு அவரை அதட்டுவது எளிது. அப்புறம், துப்பாக்கி மட்டுமா அவர்? 1930இல் பெர்லினில் படித்துவிட்டுத் திரும்பினால் அருங்காட்சியக வேலையே போயிருந்தது. பம்பாய்க்கு அருகே கிஹிமில் போய் இருந்துகொண்டு தூக்கணாங்குருவியை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் பாதிக் கூடு கட்டும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறும், உடனே ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும் என்பதை அங்கேதான் கண்டார். வேலை இல்லாத மனிதர் செய்த வேலை அது.

கொக்குமுனி:
சரி, துப்பாக்கியை விடுங்கள். ராஜஸ்தானின் பரத்பூருக்கு என்ன சொல்வீர்கள்? 1982இல் அங்கே நீர்ப்பறவைகள் கூடும் கேவலாதேவ் பூங்காவில் மேய்ச்சலைத் தடுத்தார்கள். அவர் அதை ஆதரித்தார். எதிர்த்த ஊர்க்காரர்கள் மீது போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த எருமை போனதும் பாஸ்பாலம் என்ற புல் நீர்நிலையை அடைத்துக்கொண்டு வளர்ந்து, வாத்துகளுக்குத் திறந்த நீரே குறைந்துபோனது.

தேன்சிட்டு:
அதைக் கண்டுபிடித்துச் சொன்னது யார்? அவருடைய பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகமேதான். 1980களில் பல வருடம் ஆய்வு செய்து, தடை பறவைகளுக்கு நல்லதல்ல என்று அறிக்கை கொடுத்தார்கள். அவர் 1987இல் இறந்துவிட்டார். தன் தலைவரின் கருத்துக்கு எதிராகவே முடிவு சொல்லும் அமைப்பை விட்டுப்போயிருக்கிறார் என்றால் அது அவருக்குப் பெருமைதான்.

வரப்புநடை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பரத்பூர்ச் சதுப்பை வற்றவைத்து வயலாக்கச் சொன்ன காலத்தில் நேருவிடம் பேசிக் காப்பாற்றியதும் இதே ஆள்தான் அண்ணே. அவர் இல்லாவிட்டால் எருமைக்கும் இடமில்லை, கொக்குக்கும் இடமில்லை.

கொக்குமுனி:
அதை நான் மறுக்கவில்லை தம்பி. மறுபடி தேன்சிட்டுக்கு: அறிக்கை வந்தபோது செத்தவர்கள் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. எத்தனையோ தலைமுறையாக அங்கே எருமை ஓட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் புல் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். கிஹிமில் குருவிக்குக் கொடுத்த பொறுமையை பரத்பூரில் மனிதனுக்குக் கொடுக்கவில்லை. என் கோபம் அவ்வளவுதான்.

தேன்சிட்டு:
தடை போட்டது அரசு, சுட்டது போலீஸ். எண்பத்தைந்து வயதுக் கிழவர் ஆலோசனைதான் சொன்னார்.

கொக்குமுனி:
அந்தக் கிழவர் சொன்னால் பிரதமரே கேட்பார் என்று இப்போதுதானே வரப்புநடை சொன்னார்? கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டை அணைத் திட்டத்திலிருந்து காக்க அவர் குரல் பலம் சேர்த்தது என்றால் இதற்கும் சேர்த்ததுதான்.